காப்பும் ஈடும்

எங்கள் வீட்டிற்குப் பூனை வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நாங்கள் தேடிப்போய் வாங்கிய பூனையன்று. பக்கத்து வீட்டு அக்கா, பனியன் கம்பெனிகளிலிருந்து தைத்த உருப்படிகளை மூட்டையாக எடுத்துவந்து, வீட்டுத் திண்ணையிலேயே பிசிறு வெட்டிக் கொடுப்பவர். ஒரு மாலையில் அவர் பிரித்த மூட்டைக்குள், வெட்டிய நூல்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் சாம்பல் நிறக் குட்டியொன்று சுருண்டு கிடந்தது. "டீச்சர், உங்க பாப்பா கேட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல" என்று சொல்லி என் மகளின் கையில் வைத்துவிட்டுப் போனார். மகள் அதற்குப் 'பிசிறு' என்றே பெயரிட்டாள்.

பூனையின் குட்டியைக் குட்டி என்றும் பறழ் என்றும் வழங்கலாம் என்று தொல்காப்பிய மரபியல் இடம் தருகிறது. வகுப்பில் இருபது ஆண்டுகளாக அதைச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் வெருகின் பறழ் நள்ளிரவில் எழுப்பும் ஒலியை முதன்முறையாக இப்போதுதான் கேட்கிறேன். படித்ததற்கும் வளர்ப்பதற்கும் உள்ள தொலைவைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். இப்போது சொல்ல வந்தது, பிசிறுக்குக் காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் நடந்த வழக்கைப் பற்றி.

வழக்கு தொடங்கியது ஓர் இரவில். பிசிறு வாயோரத்தில் ஒரு வெள்ளை நூல் தொங்க, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. மகள் அந்த நூலைப் பிடித்து இழுக்கப் போனாள். தடுப்பூசிக்காக முன்பு போயிருந்தபோது கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. "இந்த ஊரில் பூனை வளர்க்கிறவர்கள் நாய்க்கு அஞ்சுவதைவிட நூலுக்கு அஞ்ச வேண்டும். நூல் தொங்கினால் இழுக்காதீர்கள்" என்றிருந்தார் அவர். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்கு எளிதன்று, உள்ளே தள்ளவே முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் நாடா கோத்த பாவாடை இடுப்பைப் போலச் சுருங்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து இழுத்தால் நூல் குடலை அறுத்துவிடக்கூடும். ஊரையே வாழவைக்கும் நூலுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அன்றிரவே கோவைக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். "காலைவரை கவனிப்போம், தானாக வெளியேறலாம். இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை. பதினெட்டாயிரம் வரை ஆகும்" என்றார்கள். காத்திருப்பு நாற்காலியில் என் கணவர் மெல்லக் கேட்டார்: "எவ்வளவு வரைக்கும் போகலாம்?" அவர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கர். கல்நெஞ்சர் அல்லர். ஆயினும் யாரேனும் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்டிருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். நான் விடை சொல்லவில்லை. மறுநாள் நண்பகலில் நூல் தானாக வெளியேறிவிட்டது. 2,800 ரூபாயோடு தப்பித்தோம். கேள்வி மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்த நாள் மகள் கைப்பேசியை நீட்டினாள். "பூனைக்கு இன்சூரன்ஸ் இருக்காம்மா. எடுத்துட்டா அப்பா அப்படிக் கேக்க வேண்டியதில்லல்ல?"

*

கல்லூரி ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எழுந்த சிரிப்பை நான் எதிர்பார்த்தே இருந்தேன். "மனுசனுக்கே இல்லாத ஊருல பூனைக்குக் காப்பீடா?" என்றார் ஒரு நண்பர். அவருக்கு நான் சொல்ல வேண்டிய மறுமொழி கடைசியில் வரும். முதலில் இந்தக் காப்பீடு என்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

செல்லப் பிராணிக் காப்பீடு நமக்குப் புதிதேயன்றி உலகுக்குப் புதிதன்று. அதன் வேர் கால்நடைக் காப்பீட்டில் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைக்கும் மாட்டுக்குமாகத் தொடங்கியது, 1924இல் நாய்க்கு வந்தது. இன்று அந்நாட்டு நாய்களில் பெரும்பான்மையானவை காப்பீடு பெற்றவை. அமெரிக்காவில் 1982இல் முதல் காப்பீட்டுப் பத்திரம் தொலைக்காட்சிப் புகழ் லாஸ்ஸி நாய்க்கு வழங்கப்பட்டது. நம் நாட்டில் பொதுத்துறை நிறுவனங்கள் நாய்க்கான காப்பீட்டை ஓர் ஓரத்தில் வைத்திருந்தன. 2020 ஆகஸ்டில், அப்போது பஜாஜ் அலையன்ஸ் என்ற பெயரில் இருந்த நிறுவனம் நாய்க்கு விரிவான நலக் காப்பீட்டை அறிமுகம் செய்தது. பூனைக்கு வந்தது அதற்கும் பிறகு. பூனை எப்போதும் வரிசையில் கடைசியில் நின்று முதலில் பால் குடிப்பது. இந்த ஒன்றில் மட்டும் தாமதமாகிவிட்டது.

பொதுவாக இத்தகைய திட்டங்களில் நாம் ஆண்டுக்கொரு தொகை கட்டுகிறோம். பூனை நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தாலோ அறுவைச் சிகிச்சை நடந்தாலோ, குறித்த வரம்புக்குள் செலவின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இறந்தால் ஒரு தொகை உண்டு. சேர்ந்தவுடன் பயன் தொடங்காது, காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது. சேர்வதற்கு முன்பே இருந்த நோய் கணக்கில் வராது. தடுப்பூசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். நோயுற்றது இதே பூனைதான் என்பதற்கு அடையாளமும் காட்ட வேண்டும்.

பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்துக்கொண்டே வந்தவள் 'அடையாளம்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு.

*

எனக்குப் பத்து வயதிருக்கும். காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் சிற்றூர். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில், அதாவது ஐ.ஆர்.டி.பி. என்று ஊரார் சொன்ன திட்டத்தில், அப்பாவுக்கு வங்கிக் கடனில் ஒரு கலப்பினக் கறவைப் பசு கிடைத்தது. அந்தத் திட்டத்தில் வாங்கிய மாட்டுக்குக் காப்பீடும் உண்டு. பசுவின் காதில் எண் பொறித்த வில்லை ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். அம்மா அதைக் 'கம்மல்' என்பார். "எனக்கு முந்தி இவளுக்குக் கம்மல் போட்டாச்சு" என்று அப்பாவை இடித்துக்காட்டுவார்.

எங்கள் கொறங்காட்டுக்குச் சுற்றிலும் கிளுவை வேலி. ஒரு நாள் பசு வேலிக்குள் தலையை நுழைத்து இழுத்ததில் காது கிழிந்து வில்லை விழுந்துவிட்டது. அப்பா அதைத் தேடியெடுத்துக் கழுவிப் பத்திரப்படுத்தினார். உடனே போய்ச் சொல்லிப் புதிய வில்லை மாட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வாரம் களையெடுப்பு. அடுத்த மாதம் பாம்பு தீண்டிப் பசு இறந்தது. அப்பா வில்லையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தேறிப் போனார். வில்லை மாட்டின் காதில் இருக்க வேண்டும், சட்டைப்பையில் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது மாட்டுக் காப்பீட்டின் அடிப்படை விதி. ஒரு வில்லையைக் காட்டி எந்த மாட்டுக்கும் பணம் பெற்றுவிடலாம் என்ற அச்சத்திலிருந்து பிறந்த விதி அது. அதன் நியாயம் இன்று எனக்குப் புரிகிறது. அன்று அப்பா கையில் வில்லையை உருட்டியபடி வாசலில் உட்கார்ந்திருந்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது. இல்லாத பசுவுக்கு அவர் மூன்று ஆண்டுகள் கடன் கட்டினார். அந்த மூன்று ஆண்டுகளும் எங்கள் வீட்டில் மோருக்குக்கூட அண்டை வீட்டுக்குச் செம்பு போயிற்று.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் நடுவணரசு தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டுப் பிரிவைத் திருத்தியமைத்தது. விவசாயி கட்ட வேண்டிய பங்கு 20 முதல் 50 விழுக்காடு வரை இருந்தது, 15 விழுக்காடாகக் குறைந்தது. எஞ்சியதை நடுவணரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் மாட்டுக் காப்பீட்டின் இயல்பு மாறவில்லை. அது பெரும்பாலும் மாடு இறந்தால் கொடுப்பது. மாடு பிழைப்பதற்கான மருத்துவச் செலவு அன்றும் இன்றும் வளர்ப்பவன் தலையில்தான். பூனைக் காப்பீடு அவ்வகையில் ஒரு படி மேல். அது உயிரோடிருக்கும் பூனைக்கும் செலவழிக்கிறது.

*

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்றைச் செய்யாவிட்டால் தமிழாசிரியைக்குத் தூக்கம் வராது. பொறுத்தருள்க.

காப்பீடு என்ற சொல் காப்பு, ஈடு என்று பிரியும். இலக்கணம் கேட்டால், இடு என்னும் வினையடி நீண்டு ஈடு ஆயிற்று, முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பேன். முதலீடு, ஒதுக்கீடு போலக் காப்பு இடுதல் காப்பீடு. ஆனால் சாதாரணச் செவியில் அந்த ஈடு, இழந்ததற்கு ஈடு என்றே விழுகிறது. செவியில் விழுவதும் பொய்யன்று. உண்மையில் நிறுவனம் தருவது ஈடு மட்டுமே. காப்பு என்பதை எந்த நிறுவனமும் தருவதில்லை, தரவும் முடியாது. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவத்தை முதலில் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். குழந்தைக்கு முதலில் வேண்டியது காவல். ஈட்டைப் பற்றிப் பேசுவது காவல் தவறிய பிறகு.

பிசிறுக்கான காப்பு என்னென்ன என்று ஒரு தாளில் எழுதினேன். எட்டாவது வாரத்தையொட்டித் தொடங்கிச் சில வாரங்கள் இடைவெளியில் திரும்பப் போட வேண்டிய மூன்று நோய்த் தடுப்பூசி. குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பான்லூகோபீனியாவைத் தடுப்பது அதுதான். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. ஐந்து, ஆறு மாதத்தில் கருத்தடை. சன்னலுக்கு வலை. காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுக்காதிருத்தல். நமக்கு மருந்தான அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு, ஒன்றே உயிரைக் குடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசியும் நூலும் மூடிய டப்பாவுக்குள். இத்தனைக்கும் ஆகும் செலவை எந்தக் காப்பீடும் முழுமையாக ஏற்பதில்லை. ஆனால் காப்பீடு செல்லுபடியாக வேண்டுமானால் இவற்றில் பலவற்றை நாம் செய்திருக்க வேண்டும். காப்பை நாம் செய்து முடித்த பிறகு மிஞ்சும் ஆபத்துக்கே அவர்கள் ஈடு தருகிறார்கள்.

சரி, அந்த மிஞ்சும் ஆபத்துக்குப் பத்திரம் வாங்கலாமா? இங்கேதான் அப்பாவின் பசு எனக்கு அளவுகோலாயிற்று. காப்பீடு என்பது தாங்க முடியாத இழப்புக்கு. தாங்கக்கூடிய இழப்புக்கன்று. பசு இறந்தது எங்கள் குடும்பத்தை மூன்று ஆண்டுகள் முடக்கியது. எங்களுக்குத் தேவையாயிருந்தது அந்தக் காப்பீடு. இன்று பதினெட்டாயிரம் ரூபாய் எங்களுக்குக் கடுக்கும், ஆனால் முடக்காது. மாதச் சம்பளம் வாங்கும் இருவர் உள்ள வீட்டில், கணவர் கேட்ட "எவ்வளவு வரைக்கும்" என்ற கேள்விக்கு விடை சொல்லக் கூசியே பத்திரத்தை நாடினேன் என்பது அப்போது விளங்கிற்று. அந்தக் கேள்வியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் அது தீராது. பத்திரத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வரம்பு தாண்டும் இடத்தில் அதே நாற்காலியில், அதே கேள்வியோடு உட்கார வேண்டும்.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். பிசிறுக்கென்று அஞ்சலகத்தில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. தொடர்வைப்பு போடலாம் என்றேன் நான். மூன்று ஆண்டுக்கு முன் அதை முடித்துக்கொள்ள முடியாது, அவசரத்துக்கு உதவாது என்று கணக்கர் மறுத்தார். சேமிப்புக் கணக்கில் முதலில் 6,000 ரூபாய், பிறகு மாதம் 500. ஓராண்டில் 12,000, ஈராண்டில் 18,000. நோயே வராவிட்டால் பணம் நம்முடையது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. முதலாண்டிலேயே பெருஞ்செலவு வந்தால் கணக்கில் பணம் போதாது. காப்பீட்டின் உண்மையான வலிமை அந்த முதலாண்டில்தான் இருக்கிறது. அந்த ஓட்டையை எங்கள் சம்பளத்தால் அடைப்போம் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டோம். எதுவரை என்பதற்கும் விடை சொல்லிக்கொண்டோம்: பிழைக்கும் என்று மருத்துவர் சொல்லும்வரை செலவைப் பாரோம், வலியை மட்டும் நீட்டும் சிகிச்சைக்குப் போகோம். மகளையும் உட்காரவைத்துத்தான் இதைப் பேசினோம். அழுதாள், பிறகு தலையாட்டினாள்.

எல்லோருக்கும் இதுவே விடை என்று நான் சொல்லவில்லை. பல ஆயிரம் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்கியவர்களுக்கு இறப்புத் தொகைக்குப் பொருள் உண்டு. தெருவில் பிறந்து மூட்டையில் வந்த பிசிறுக்குச் சந்தை விலை ஏது? அதேபோல் தனியாக வாழ்ந்து, ஒரு பூனையே துணையாக, ஒரே மூச்சில் பதினெட்டாயிரம் புரட்ட இயலாதவர் இருப்பாரானால், அவர் நிபந்தனைகளை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுப் பத்திரம் எடுப்பதே அறிவுடைமை. யாரால் ஆண்டுத் தொகையைச் சிரமமின்றிக் கட்ட முடிகிறதோ அவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. யாருக்குத் தேவையோ அவருக்கு அந்தத் தொகையே பாரம். காப்பீட்டின் பழைய முரண் இது.

*

இப்போது ஆசிரியர் அறை நண்பருக்கு மறுமொழி.

மனிதனுக்கே இல்லாதபோது விலங்குக்கா என்ற கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மனிதனுக்கும் எதுவும் செய்தவர்கள் அல்லர் என்பது என் அனுபவம். இரக்கம் நியாயவிலைக் கடை அரிசியன்று, ஒருவருக்கு அளந்தால் இன்னொருவருக்குக் குறைந்துபோக. இப்படிச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டுதான் அன்று வீடு திரும்பினேன்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா. "என்னா டீச்சர், பூனைக்குக்கூட இன்சூரன்சு கார்டு போடுறாங்களாமே, பாப்பா சொல்லுச்சு" என்று சிரித்தார். கை நிற்கவில்லை, கத்தரி பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தது. நான் கேட்டேன்: "உங்களுக்கு ஏதாவது காப்பீடு இருக்கா அக்கா?" கேட்ட பிறகுதான் உறைத்தது, எட்டு ஆண்டுகளாக அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம், இந்தக் கேள்வியை இதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவருக்கு எதுவும் இல்லை. கம்பெனிப் பேரேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் அதில் வருகிறார்கள். அவர்களுக்கென்று நூறு படுக்கை மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் இவ்வூரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பீசுக்கு இத்தனை பைசா என்று பிசிறு வெட்டுபவரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. கணவரை இழந்தவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர அவருக்கு எல்லாத் தகுதியும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை, கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் தொடர்ச்சி அது. "கேள்விப்பட்டிருக்கேன் டீச்சர். சான்றுக்கு ஒரு நாள், கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நாள். ரெண்டு நாள் கூலி போயிருமே" என்றார்.

ஒரு பூனைக்காக இருபது பக்க நிபந்தனைகளை வரிவரியாகப் படித்தவள் நான். வெட்கமாக இருந்தது. நண்பரின் வாதம் இப்போதும் தவறுதான். ஆனால் அவர் சிரிப்புக்குள் ஓர் உண்மை இருந்தது. தாங்க முடியாத இழப்புக்குத்தான் காப்பீடு என்ற என் அளவுகோலை வாசலுக்கு வெளியே ஓரடி நீட்டியிருந்தால் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு அக்காவோடு போனேன். அதற்குள் வருமானச் சான்றை மகன் வாங்கி வைத்திருந்தான். குடும்ப அட்டை, ஆதார், படம், கைரேகை, எல்லாம் பிற்பகலுக்குள் முடிந்தது. எண் கிடைத்துவிட்டது. திரும்பும்போது பேருந்தில் அந்தத் தாளை நான்காக மடித்துப் பணப்பைக்குள் வைத்தார். அப்பாவின் வில்லை நினைவுக்கு வந்து, "அக்கா, இது தொலஞ்சாலும் எண்ணை எங்கயாவது எழுதி வைங்க" என்றேன். "பாப்பா கிட்டயும் சொல்லி வைக்கிறேன் டீச்சர்" என்றார்.

பூனை வளர்க்கும் நண்பர்கள் தத்தம் கணக்கைப் போட்டுப் பார்த்துக் காப்பீடு எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காப்பு நம் வேலை. நூலை எடுத்து டப்பாவுக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டில் யாருக்கேனும் எண் இல்லையா என்று கேட்டுப் பாருங்கள்.

பிசிறு நலம். இதை எழுதும்போது அக்காவின் திண்ணையில், மூடி வைத்த மூட்டையின்மேல் உறங்கிக்கொண்டிருக்கிறது.